வேலூருக்கு ஓர் ஓவியக் கூடம்: இடம் எது, கட்டடம் எது, சாவி யார் கையில்?

சத்துவாச்சாரிக்காரன் · #1

நேராக விஷயத்துக்கு வருகிறேன். நம்முடையது 60 வார்டு உள்ள மாநகராட்சி. சி.எம்.சி. ஆஸ்பத்திரி இருக்கிறது, வி.ஐ.டி. பல்கலைக்கழகம் இருக்கிறது, கோட்டை இருக்கிறது, அறிவியல் மையம்கூட இருக்கிறது. ஆனால் ஒருவர் வரைந்த படத்தை ஒரு மாதம் சுவரில் மாட்டி வைத்து, போகிற வருகிறவர்கள் காசில்லாமல் பார்த்துவிட்டுப் போக ஒரு பொது இடம் கிடையாது. கண்காட்சி என்றால் கல்யாண மண்டபம், இல்லையென்றால் ஏதாவது கல்லூரியின் செமினார் ஹால். மண்டபத்தில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். பந்தல்காரரிடம் வாடகைக்கு மூங்கில் தட்டி எடுத்துச் சணலில் தொங்கவிட வேண்டியதுதான். மூன்றாம் நாள் முகூர்த்தம் என்று காலி செய்யச் சொல்வார்கள்.

கோட்டைக்குள் அரசு அருங்காட்சியகம் இருக்கிறதே என்று யாராவது கேட்பீர்கள். 1985ல் டவுன் ஹாலில் ஆரம்பித்து, 1999ல் கோட்டைக்குள் மாறியது. சிலை, காசு, பழம்பொருள், பாடம் செய்த உயிரினங்கள் என்று அதன் வேலை வேறு. நான் கேட்பது இன்று வரைகிறவர்களுக்கும் நேற்று வரைந்தவர்களுக்கும் ஒரு கூடம்.

மேயருக்கும் கலெக்டருக்கும் ஒரு மனு கொடுக்கலாம் என்று நாங்கள் சிலர் பேசிக்கொண்டிருக்கிறோம். "கலைக்கூடம் வேண்டும்" என்று ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அது ஃபைலில் தூங்கும். எங்கே, எப்படி, உள்ளே என்ன, யார் நடத்துவது என்று சொல்லிக் கேட்க வேண்டும். தெரிந்தவர்கள் வாருங்கள்.

பழைய பஸ்டாண்டு · #2

இதில் யோசிக்க என்ன இருக்கு? கோட்டைக்கு முன்னாடிதான். பெரியார் பூங்கா பக்கம் கொஞ்சம் இடம் எடுத்து, அகழியைப் பார்த்த மாதிரி கண்ணாடி போட்டு மூணு மாடி கட்டினால் போதும். கோட்டைக்கு வர்ற கூட்டம் தானா உள்ளே வரும். ராத்திரி லைட் போட்டா ஊருக்கே ஒரு களை வந்துடும். ஸ்மார்ட் சிட்டின்னு 2016ல பேர் வாங்கினோமே, கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஒண்ணு வேணாமா?

மேஸ்திரி மகன் · #3

> கோட்டைக்கு முன்னாடிதான்

பஸ்டாண்டு சார், ஆசை நியாயம்தான். சட்டம் விடாது. கோட்டை மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் நினைவுச்சின்னம். 1958ஆம் வருஷத்துச் சட்டத்தை 2010ல் திருத்தினார்கள். அதன்படி பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானமே கூடாது. அதற்கு வெளியே இன்னும் 200 மீட்டர் வரை கட்டலாம், ஆனால் தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தின் அனுமதி வேண்டும். உயரத்துக்கும் கட்டுப்பாடு வரும். தனியாருக்கு மட்டும் இல்லை, அரசாங்கம் கட்டினாலும் இதே கதைதான்.

ஆனால் இதில் ஒரு சந்து இருக்கிறது. அந்த 100 மீட்டருக்குள் ஏற்கெனவே நிற்கிற கட்டடத்தை அனுமதி வாங்கிப் பழுது பார்க்கலாம், புதுப்பிக்கலாம். ஆகவே கோட்டைப் பக்கம்தான் வேண்டும் என்றால் "எங்கே கட்டலாம்" என்பதை விட்டுவிட்டு "எந்தக் கட்டடம் சும்மா கிடக்கிறது" என்று கேளுங்கள்.

பெங்களூரில் நவீன ஓவியத்துக்கான தேசிய கூடம் 2009ல் திறந்தார்கள். அது மாணிக்கவேலு மாளிகை என்கிற பழைய பங்களா. முன்னால் பங்களா அப்படியே நிற்கும், பின்னால் புதுக் கட்டடம் சேர்த்தார்கள். மரங்களையும் விட்டுவைத்தார்கள். காட்பாடியில் ரயில் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்விடலாம். மனு எழுதுகிறவர்கள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

வரிப்பணம் · #4

எங்க தெருவுல சாக்கடைக்குத் தோண்டின பள்ளம் மழைக்கு மழை குளமாகுது. கோடைல தண்ணி லாரிக்குக் குடத்தை வரிசைல வெச்சுட்டு நிக்கிறோம். இதுல ஓவியம் மாட்ட ஏசி கட்டடமா? பத்துக் கோடி, இருபது கோடி போட்டுக் கட்டுவீங்க. திறப்பு விழாவுக்கு எல்லாரும் வருவாங்க. அடுத்த வருஷம் வாட்ச்மேன் ஃபேன் போட்டுத் தூங்குவார். எத்தனை பார்த்தாச்சு.

நைனா ஆர்ட்ஸ் · #5

நான் போர்டு எழுதினவன்பா. மக்கான் பக்கத்துல கடை. இப்ப கடை இல்ல, வீட்லதான் கீறேன். இந்த ஊர்ல பாதிக் கடை பேரு ஒரு காலத்துல என் கையெழுத்து.

வரிப்பணம் அண்ணாத்தே, நீ சொல்றது கரெக்டு. ஆனா ஒண்ணு கேளு. சினிமா பேனர்ல பதினஞ்சடி தலைய எப்படி வரைவோம் தெரியுமா? சின்ன போட்டோவுல பென்சில்ல கட்டம் போடணும். பெரிய துணில சாக்பீஸ் தடவின நூல இழுத்துப் புடிச்சு சுண்டி வுட்டா கோடு விழும். கட்டத்துக்குக் கட்டம் பாத்து ஏத்தணும். சாரத்து மேல குந்திகினு மூக்க வரையறப்ப மூக்கு தெரியாது, வெறும் ப்ரவுன் கலருதான் தெரியும். எறங்கி ரோட்டுக்கு அந்தாண்ட போய் நின்னு பாத்துட்டு மறுபடியும் ஏறணும். கண்ணு மட்டும் கடைசில எங்க வாத்தியாரு வெப்பாரு, எங்கள தொடவே வுடமாட்டாரு.

ஃப்ளெக்ஸ் வந்துது, எல்லாம் போச்சு. கூட வேல செஞ்சவங்க ஒருத்தர் ஆட்டோ ஓட்றார், ஒருத்தர் ஷூ கம்பெனிக்குப் போயிட்டார். நாங்க வரைஞ்சதுல ஒரு துணி கூட இன்னிக்கி இல்ல. மழைக்குக் கூரை மேல போத்திட்டாங்க. கூடம் கட்றீங்களோ இல்லையோ, எங்க வாத்தியாரு மாதிரி ஆளுங்க வேலை ஒண்ணாவது மாட்ட எடம் இருக்குமா, இல்ல காலேஜ்ல படிச்சவங்களுக்கு மட்டுமா? அத்த மொதல்ல சொல்லுங்க.

ஆற்காடு ரோடு · #6

நான் சி.எம்.சி. பக்கத்தில் லாட்ஜ் நடத்துகிறேன். பார்வையாளர் யார் என்று யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், அஸ்ஸாம், பங்களாதேஷ் என்று வருகிற நோயாளிகளோடு கூட வருகிறவர்கள் எத்தனை பேர்! டெஸ்ட் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருப்பார்கள். அறையில் எத்தனை நேரம் ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பது? சாயங்காலம் ஆனால் கோட்டைக்குப் போவார்கள், ஒரு நாள் ஸ்ரீபுரம் பொற்கோயில். அப்புறம் "தாதா (வங்காளத்தில் அண்ணா), இங்கே வேறு என்ன பார்க்கலாம்" என்று என்னிடம் கேட்பார்கள். காசு இல்லாதவர்கள், மனசு சரியில்லாதவர்கள், நேரம் மட்டும் நிறைய இருக்கிறவர்கள். இந்த ஊர்க் கூடத்துக்கு முதல் கூட்டம் அவர்கள்தான்.

அதனால் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும். சத்துவாச்சாரிக்கு அப்பால் ஹைவே ஓரத்தில் கட்டினால் காரில் வருகிறவர் மட்டும் வருவார். உட்கார நிறைய பெஞ்சு, குடிதண்ணீர், சுத்தமான கழிப்பறை, படத்துக்குக் கீழே வங்காளத்திலும் ஒரு வரி. காந்தி ரோட்டில் கடை போர்டே வங்காளத்தில் இருக்கும்போது இதில் என்ன கஷ்டம்?

பழைய பஸ்டாண்டு · #7

மேஸ்திரி மகன் சொன்னதைப் பார்த்தா நம்ம ஊர்ல நல்ல இடம் எல்லாமே 100 மீட்டருக்குள்ளதான் இருக்கு போல. சரி, புது பஸ்டாண்டு 2022ல திறந்தாங்களே, அந்தப் பக்கம் பார்க்கலாமா? அதுவும் வேணாம்னா பாலாற்றங்கரை? முத்து மண்டபம் இருக்கே. கண்டி ராஜா விக்கிரம ராஜசிங்கன் சமாதி. கோட்டைல சிறை இருந்து 1832ல இறந்தவர். அதை ஒட்டிக் கட்டினா வரலாறும் ஆச்சு.

ஈரப்பதம் · #8

வேறொரு ஊர் அருங்காட்சியகத்தில் ஓவியங்களைப் பழுது பார்க்கும் பிரிவில் இருந்தவள் நான். நீங்கள் எல்லோரும் இடத்தைப் பேசுகிறீர்கள், நான் காற்றைப் பற்றிப் பேசுகிறேன்.

வேலூரில் மே மாதம் வெயில் 40ஐத் தாண்டும். காற்று வறண்டு கிடக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே காற்று ஈரத்தில் ஊறிவிடும். மரம், துணி, காகிதம் மூன்றும் ஈரம் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். தஞ்சாவூர் பாணிப் படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அடியில் பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் சுண்ணாம்புப் பொடியும் பசையும் குழைத்த பூச்சு, அதற்கும் மேலே கல்லும் தங்கத் தாளும். பலகை அசையும், பூச்சு அசையாது. முதலில் தலைமுடி அளவுக்கு ஒரு விரிசல் வரும். விரல் நகத்தால் லேசாகத் தட்டிப் பார்த்தால் சில இடங்களில் சத்தம் மாறும். உள்ளே பூச்சு பலகையை விட்டுவிட்டது என்று அர்த்தம். அடுத்த மழைக்காலத்தில் அந்த இடம் தூக்கிக்கொள்ளும், அதற்கடுத்த கோடையில் உதிரும்.

ஏசி போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஐந்தரைக்கு அணைத்துவிட்டுப் போகிற ஏசி, படத்தைத் தினமும் ஒரு தடவை சுருக்கி ஒரு தடவை விரிக்கிறது. அதற்கு ஏசியே இல்லாத கெட்டிச் சுவர்க் கட்டடம் எவ்வளவோ தேவலை. ஏசி என்றால் இருபத்துநாலு மணி நேரமும் ஓட வேண்டும். ஜெனரேட்டரும் வேண்டும். கரண்ட் பில்லை யார் கட்டுவது என்று மனுவிலேயே எழுதுங்கள்.

அடுத்தது வெளிச்சம். பஸ்டாண்டு சாரின் கண்ணாடிச் சுவரைப் படித்ததும் பகீரென்றது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். நீர்வண்ணம், காகிதம், துணி இவற்றுக்கு 50 லக்ஸ், எண்ணெய் வண்ணத்துக்கு 200 லக்ஸ் என்பது பல இடங்களில் வைத்துக்கொள்ளும் அளவு. உச்சி வெயிலில் மொட்டை மாடியில் லட்சம் லக்ஸ் வரை போகும். வெளிச்சத்தால் வெளுத்த நிறத்தை யாராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. கிழிந்த துணியை ஒட்டலாம், பூஞ்சணத்தைத் துடைக்கலாம், வெளுத்த சிவப்பு வெளுத்ததுதான்.

ஆற்றங்கரை, அகழிக்கரை வேண்டாம். 2021 நவம்பரில் பாலாற்றில் எவ்வளவு தண்ணீர் போயிற்று, ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குள்ளேயே தண்ணீர் நின்றது எல்லாம் பார்த்தீர்கள்தானே. எந்தக் கூடத்திலும் மாட்டியிருப்பதைவிடக் கிடங்கில் இருப்பதுதான் அதிகம். வரைபடம் போடுகிறவர் முதலில் அந்தக் கிடங்கைத்தான் தரைக்குக் கீழே தள்ளுவார். ஒத்துக்கொள்ளாதீர்கள்.

மேஸ்திரி மகன் · #9

ஈரப்பதம் அக்கா, கும்பிடுகிறேன். இதைத்தான் எங்கள் ஆட்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

கட்டட ஆள் என்கிற முறையில் சொல்கிறேன். இந்த ஊருக்கு மேற்குச் சுவர்தான் எமன். மத்தியானம் ரெண்டு மணியிலிருந்து வாங்கிய சூட்டை ராத்திரி பத்து வரை உள்ளே விடும். மேற்கில் கூடத்தை வைக்காதீர்கள். மாடிப்படி, கழிப்பறை, ஆபீஸ் இதையெல்லாம் அந்தப் பக்கம் தள்ளுங்கள். சுவர் இரட்டைச் சுவராக, நடுவில் காற்று இடைவெளியோடு இருக்கட்டும். தளத்துக்கு மேல் செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, அதன்மேல் தட்டோடு என்று பழைய முறையில் போட்டால் சூடு பாதி குறையும். இப்போது எல்லாரும் வெள்ளை பெயின்ட் அடித்துவிட்டுக் கூலிங் டைல்ஸ் என்று பில் போடுகிறார்கள்.

வெளிச்சம் வடக்கிலிருந்து, உயரத்திலிருந்து வரட்டும். சண்டிகரில் கட்டடக் கலைஞர் கார்பூசியே வடிவமைத்த அரசு அருங்காட்சியகம் 1968ல் திறந்தது. அங்கே கூரையிலிருந்து வெளிச்சத்தை இறக்கியிருப்பார்கள். போபாலில் பாரத் பவன் 1982. சார்லஸ் கொரியா வடிவமைப்பு. ஏரிக்கரைச் சரிவில் கட்டடத்தைத் தரையோடு தாழ்த்தி, முற்றம் முற்றமாக இறக்கியிருப்பார். வெளியிலிருந்து பார்த்தால் கட்டடமே தெரியாது, மொட்டை மாடியில் நடக்கிறவர்கள்தான் தெரிவார்கள். ஊருக்குக் களை வேண்டும் என்கிறவர்கள் அதைப் பார்க்க வேண்டும்.

சின்ன விஷயம் ஒன்று. படம் மாட்டும் சுவரில் பூச்சுக்கு மேல் ப்ளைவுட், அதன்மேல் ஜிப்சம் பலகை அடித்துவிடுங்கள். எங்கே வேண்டுமானாலும் திருகு முடுக்கலாம், எடுத்த பிறகு பட்டி பார்த்து பெயின்ட் அடித்துவிடலாம். ப்ளைவுட் கரையான் மருந்து போட்டதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படத்தைத் தின்றுவிட்டுச் சுவரையும் தின்னும். அப்புறம் சரக்கு இறக்கும் கதவு. எட்டடி கேன்வாஸ் லாரியில் வந்து ஏழடிக் கதவில் மாட்டிக்கொண்டு நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அணைக்கட்டு டீச்சர் · #10

பள்ளிக்கூடத்தில் ஓவியம் சொல்லித் தருகிறேன், பகுதிநேரம். வாரத்தில் மூன்று அரை நாள்.

மேஸ்திரி மகன் தம்பி பாரத் பவனைச் சொன்னதால் எனக்கு வேலை மிச்சம். அதன் கட்டடத்தைவிட அது எப்படி நிரம்பியது என்பதுதான் நமக்குப் பாடம். அங்கே ஓவியர் ஜெ. சுவாமிநாதன் பொறுப்பில் இருந்தார். இளம் ஓவியர்களையும் மாணவர்களையும் கிராமம் கிராமமாக அனுப்பிச் சேகரிக்கச் சொன்னார். அப்படிப் போனவர்கள் கண்ணில் பட்டவர்தான் பாட்டன்கட் கிராமத்து ஜங்கட் சிங் ஷியாம். வீட்டுச் சுவரில் வரைந்துகொண்டிருந்த கோண்டுப் பழங்குடி இளைஞர், பிறகு பாரிஸ் வரை காட்சிக்குப் போனார். ஊர்க்காரர் படமும் நகரத்து ஓவியர் படமும் அங்கே ஒரே கட்டடத்தில் சமமாக இருந்தன.

நைனா ஆர்ட்ஸ் அண்ணன் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். உங்கள் வாத்தியார் வேலை மாட்டப்படாத கூடத்துக்கு நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

வட ஆற்காடு என்று பார்த்தால் நம்மிடம் என்ன குறை? 1989க்கு முன்னால் திருவண்ணாமலையும் நம் மாவட்டம்தான். சென்னைக் கலைக் கல்லூரியில் முதல்வராக இருந்த ஏ.பி. சந்தானராஜ் அங்கே பிறந்தவர். ஆம்பூர் பக்கம் மலையம்பட்டில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. சுமார் எட்டாம் நூற்றாண்டுச் சமண ஓவியம், பெரும்பகுதி அழிந்துபோய்த் திட்டுத் திட்டாக மிச்சம். சித்தன்னவாசலை எல்லாப் பாடப்புத்தகத்திலும் போடுகிறார்கள், ஆர்மாமலையை எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே தெரியாது. 2019ல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததில் அது திருப்பத்தூருக்குப் போய்விட்டது. இருக்கட்டும், மாவட்ட எல்லையைப் பார்த்தா அவன் வரைந்தான்? மிச்சமிருப்பதை முழு அளவில் நகல் எடுத்து ஒரு சுவர் முழுக்க வைக்கலாம். நகல் எடுக்கும் வேலையே கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வருஷப் படிப்பு.

கரிகிரி மண்பாண்டத்தை மறந்துவிடாதீர்கள். அந்தப் பச்சையும் நீலமும் கலந்த மெருகு வேறெங்கே இருக்கிறது? டெல்லிக் கண்காட்சியில் விற்கிறது, வேலூர் பஸ்டாண்டில் கேட்டால் வழி சொல்ல ஆளில்லை.

செய்யாறு கூத்து · #11

டீச்சரம்மா, எல்லாம் சரி. தெருக்கூத்தை விட்டுட்டீங்க. கூத்துக்குப் பேர்போன புரிசை கிராமம் எங்க பக்கம்தான். கிரீடம், புஜக்கீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கி, கண்ணாடிச் சில்லு பதிச்சு, ஜிகினா ஒட்டினது. எடை இல்லாத மரம், விடிய விடியத் தலையில் சுமக்கணுமே. நம்ம பக்கத்துக் கலைன்னு ஒண்ணு காட்டணும்னா அதைக் காட்டுங்க.

ஆனா எனக்கு ஒரு பயம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெச்சு, கீழே சீட்டு எழுதி ஒட்டிட்டா அது செத்த பொருள் ஆகிடும். கிரீடத்துக்குப் பெட்ரோமாக்ஸ் வெளிச்சமும் முகத்தில் அரிதாரமும் வேணும்.

ஈரப்பதம் · #12

செய்யாறு ஐயா, கல்யாண முருங்கை மாதிரி மென்மையான மரத்தில் வண்டு சீக்கிரம் விழும். ஆடுகிறவர் வீட்டில் இருக்கும்வரை தினமும் கை படும், புகை படும், பழுதானால் உடனே சரி செய்வார்கள். பெட்டியில் பூட்டிவிட்டு ஆறு மாதம் திறக்காவிட்டால் அடியில் மாவு மாதிரித் தூள் கொட்டியிருக்கும். அதனால் உங்கள் பயம் பொருளுக்கும் பொருந்தும். ஆடுகிற செட்டைக் கூடத்துக்குக் கேட்கக் கூடாது. கூடத்துக்காகப் புதிதாக ஒரு செட் செய்யச் சொல்லி, செய்கிறவருக்குக் கூலி கொடுக்க வேண்டும். செய்வதைக் கூடத்திலேயே உட்கார்ந்து செய்யட்டும், பிள்ளைகள் பார்க்கட்டும்.

பழைய பஸ்டாண்டு · #13

ஓவியம் பார்க்கலாம்னு வந்தா பானை, கிரீடம், சினிமா போர்டுன்னு போகுது. எல்லாத்தையும் ஒரே இடத்தில் போட்டா அது பொருட்காட்சி ஆகிடாதா? ரவிவர்மா, பணிக்கர் மாதிரி பெரிய பேர் நாலு வந்தால்தான் வெளியூர்க்காரன் வருவான்.

ஈரப்பதம் · #14

பெரிய பேர் கடனாக வரும், வாங்க முடியாது. கடன் கொடுப்பவர்கள் முதலில் கேட்பது கட்டடத்தின் நிலை அறிக்கை. வெப்பம், ஈரம் எவ்வளவு, ஒரு வருஷப் பதிவு எங்கே, தீயணைப்பு என்ன, ராத்திரிக் காவல் யார், இன்சூரன்ஸ் யார் என்று பக்கம் பக்கமாகக் கேட்பார்கள். அந்தப் பதிவு இல்லாத கூடத்துக்கு ஒரு கடுதாசிகூட அனுப்பமாட்டார்கள். எனக்குத் தெரிந்த ஓவியர் ஒருவர் தன் நீர்வண்ணத் தொகுப்பை ஒரு ஊர்க் கண்காட்சிக்கு நம்பிக் கொடுத்தார். திரும்பி வந்தபோது கண்ணாடிக்கு உள்பக்கம் பூஞ்சணம் பூத்திருந்தது. அதற்கப்புறம் அவர் யாருக்கும் கொடுப்பதில்லை.

வரிப்பணம் · #15

இதைத்தான் நானும் கேட்கிறேன், வேறு வார்த்தையில். கீழடி அருங்காட்சியகம் 2023ல் திறந்தது, சுமார் 18 கோடி. அது தோண்டி எடுத்த பொருள் கையில் இருந்து கட்டினது. நீங்க கையில் ஒரு படம்கூட இல்லாமல் கட்டடம் கேட்கறீங்க. கட்டறதுக்குப் பணம் எங்கேயாவது வந்துடும். திறந்த பிறகு மாசா மாசம் சம்பளம், கரண்ட், லிஃப்ட் மெயின்டனன்ஸ் யார் தலையில்? சென்னை எழும்பூரில் தேசிய ஓவியக் கூடம், 1909ல் கட்டின எவ்வளவு அழகான கட்டடம், அதுவே பழுதுன்னு பல வருஷம் மூடிக் கிடந்ததே. தலைநகரத்துக்கே அந்த கதின்னா வேலூருக்கு?

இதுக்குப் பதில் சொல்லுங்க, நானும் மனுவில் கையெழுத்துப் போடறேன்.

மேஸ்திரி மகன் · #16

நல்ல கேள்வி. என் பக்கத்துப் பதில்: இருபது கோடிக்குப் புதுக் கட்டடம் கேட்காதீர்கள். இருக்கிற பழைய அரசுக் கட்டடத்தில் மூன்று அறை. ஒன்றில் காட்சி, ஒன்றில் கிடங்கு, ஒன்றில் பட்டறை. சுண்ணாம்புச் சுவர் ரெண்டடி கனம் இருந்தால் பாதி ஏசி செலவு மிச்சம். அது ஓடி, கூட்டம் வந்து, கையில் சேகரிப்பு நிரம்பிய பிறகு புதுக் கட்டடத்துக்கு வடிவமைப்புப் போட்டி வைக்கச் சொல்லலாம். கட்டடக் கலை கவுன்சிலுக்கு அதற்கென்று விதிமுறை இருக்கிறது. நேராக டெண்டர் விட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். குறைந்த ரேட் போட்டவர் சமுதாயக் கூடத்தின் வரைபடத்தையே எடுத்து முகப்பில் தூரிகை சிற்பம் ஒன்று வைத்துத் தருவார்.

ஆற்காடு ரோடு · #17

நேரத்தையும் சொல்லிவிடுங்கள். அரசு அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, சாயங்காலம் ஐந்துக்கு மூடுவார்கள். இங்கே வெயில் தாழ்ந்த பிறகுதான் ஆள் வெளியே வரும். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து ராத்திரி எட்டு வரை திறந்தால் என் லாட்ஜிலிருந்தே தினம் ஆள் வரும். ஞாயிறு கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

மட்டுறுத்துநர் · #18

எந்த ஆட்சியில் எது கட்டினார்கள் என்ற நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். அதற்குத் தனி இழை இருக்கிறது, அங்கே அடித்துக்கொள்ளுங்கள்.

அணைக்கட்டு டீச்சர் · #19

வரிப்பணம் சார், ஆள் செலவுக்கு ஒரு வழி. ஜவகர் சிறுவர் மன்றம் என்று அரசு நடத்தும் அமைப்பு மாவட்டங்களில் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பாட்டு, நடனம், ஓவியம் சொல்லித் தருவார்கள். அந்த வகுப்பையும் கூடத்தையும் ஒரே கூரையில் வைத்தால் வாத்தியார் இருப்பார், பிள்ளைகள் வருவார்கள், பிள்ளைகளைக் கூட்டிவருகிற அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். பூட்டிக் கிடக்கிற பேச்சே வராது. ஆனால் ஒரு பதவியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது: முழுநேரப் பொறுப்பாளர் ஒருவர், கலை படித்தவர், "கூடுதல் பொறுப்பு" என்று வேறு அதிகாரி தலையில் கட்டாமல். சாவி அவர் கையில் இருக்க வேண்டும்.

சத்துவாச்சாரிக்காரன் · #20

மனுவை இப்படி மாற்றுகிறேன். புதுக் கட்டடம் கேட்கப்போவதில்லை. சி.எம்.சி.யிலிருந்தோ கோட்டையிலிருந்தோ நடக்கும் தூரத்தில் காலியாக உள்ள அரசுக் கட்டடம் ஒன்றில் மூன்று அறை, முழுநேரப் பொறுப்பாளர், ஐந்து வருஷத்துக்கு நடப்புச் செலவுக்குத் தனித் தலைப்பில் ஒதுக்கீடு. மத்தியானம் முதல் இரவு எட்டு வரை. முதல் காட்சி வட ஆற்காட்டுச் சுவரெழுத்து, போர்டு, கட்அவுட் ஓவியர்கள்.

அதற்கு முன்னால் எந்தக் கட்டடம் காலி என்று நமக்கே தெரிய வேண்டும். பொதுப்பணித் துறைக்கும் மாநகராட்சிக்கும் தனித்தனியாகத் தகவல் உரிமை மனு போடுகிறேன். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாள். கட்டடத்தின் வயது, பரப்பு, கடைசியாக யார் பயன்படுத்தினார்கள், இடிக்க உத்தரவு இருக்கிறதா என்று கேட்கிறேன். வேறு என்ன கேட்கலாம்?

ஈரப்பதம் · #21

2021 மழையில் தண்ணீர் புகுந்ததா என்று கேளுங்கள். கூரை ஒழுகலுக்கு எந்த வருஷம் எவ்வளவு செலவழித்தார்கள் என்றும் கேளுங்கள். அந்தப் பதிலிலேயே கூரையின் லட்சணம் தெரிந்துவிடும். கட்டடம் கிடைத்தால் முதல் நாளே படம் மாட்டாதீர்கள். வெப்பமும் ஈரமும் பதிகிற சின்னக் கருவி ஒன்றை உள்ளே வைத்து ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பாருங்கள்.

வரிப்பணம் · #22

நடப்புச் செலவு வரியைப் போட்டதால் என் கையெழுத்து உண்டு. பள்ளம் மூடறதுக்கும் ஒரு மனு எழுதறேன், அதில் நீங்க எல்லாரும் போடணும்.

நைனா ஆர்ட்ஸ் · #23

போர்டு ஓவியர் காட்சின்னு போட்டுட்டீங்க, ஆனா மாட்ட துணி இல்லன்னு முன்னியே சொன்னேனே. பழசு இல்லாட்டி இன்னா, புதுசா வரையலாம். ஆட்டோ ஓட்றவர்கிட்ட பேசிட்டேன், வரேன்னார். காடா துணி, ஜிங்க் பவுடர், ஆளி எண்ணெய் செலவு யாராவது ஏத்துக்கணும். சாரம் கட்ட உயரமான சுவரா ஒண்ணு பாத்து வெய்யுங்க, மேஸ்திரி தம்பி. பன்னெண்டடியாவது வேணும்.

மேஸ்திரி மகன் · #24

அண்ணே, பழைய கட்டடம் என்றால் உயரம் பதினான்கு அடி கிடைக்கும். சாரத்துக்குச் சவுக்குக் கம்பு நான் தருகிறேன். துணி எத்தனை மீட்டர் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.